ரிஜெக்ட் சாரின் வலது கண்

உலகத்தில் இதுவரை யாரும் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்ததில்லை என்று மனப்பூர்வமாக நம்பிய மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் ஸ்ரீரங்கத்தில் என் எதிர் வீட்டில் குடியிருந்தார். பிரம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. அது வாசல் பலகையிலும் கரண்ட் பில்லிலும் மட்டும் உயிரோடு இருந்தது. எங்கள் அபார்ட்மெண்டில் இஸ்திரி போடுகிறவர் முதல் சங்கச் செயலாளர் வரை எல்லோருக்கும் அவர் ரிஜெக்ட் சார். துவாக்குடிப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடைந்து வரும் தண்டுகளை அளந்து பார்த்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளுவது உத்தியோகம். ரிடையர் ஆனபோது மாலை போட்டுக் கைக்கடிகாரம் கொடுத்து வழியனுப்பியவர்கள், அந்தச் சாக்பீஸைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள். பலனை நாங்கள் அனுபவித்தோம்.

லிஃப்ட் கதவில் பெருக்கல் குறி இருக்கும். "தரைக்கு அரை இஞ்ச் மேல நிக்குது. தடுக்கி விழுந்தா யார் ஜவாப்தாரி?" மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் பெருக்கல் குறி. புதிதாக நட்ட வேப்பங்கன்று கூடச் சாய்ந்து வளர்கிறது என்று அதன் முட்டுக்கம்பில் குறி வாங்கியது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் டேப் இருக்கும். தெற்கு வாசலில் ஓட்டலுக்குப் போனால் தோசையை அளந்துவிட்டுத்தான் சட்னி ஊற்ற விடுவார். "நேத்து பதினாலு இஞ்ச். இன்னிக்கு பதிமூணே கால். முக்கால் இஞ்ச் எங்க போச்சு?" சர்வர் உள்ளே போய்ச் சொல்லுவார். மாஸ்டர் வெளியே வந்து பார்ப்பார். பின்னால் காத்திருப்பவர்கள் காவிரியில் விழலாமா என்று யோசிப்பார்கள்.

காந்தி மார்க்கெட்டில் ஒரு தக்காளிக்காரர், இவர் தலை தெரிந்ததுமே இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டுவார். "அண்ணே, இத வச்சுக்கங்க. அடுத்த கடைக்குப் போங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுப்பார் ரிஜெக்ட் சார்.

நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் தப்பித்தவன். தனிமை எனக்குச் சொர்க்கம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் கதவைத் தட்டினால், கதவில் பதித்திருக்கும் கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு, செருப்புச் சத்தம் திரும்பிப் போகும்வரை நிற்பேன். அவருடைய மனைவி கோமளா போய் அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் புனேயில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "எல்லாம் ஓகேம்மா" என்று ஒரு நிமிடத்தில் வைத்துவிடுவார். அவர் வாயிலிருந்து ஓகே என்ற வார்த்தை வாரத்துக்கு அந்த ஒரு தடவைதான் வரும்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் எங்களையெல்லாம் கதிகலங்க வைத்தார்.

அபார்ட்மெண்டுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அடித்தவர்கள் அவசரக்காரர்கள். படிக்கட்டுச் சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாகப் பழைய நிறம் பல்லிளித்தது. செயலாளர் வேறு வழியில்லாமல் ரிஜெக்ட் சாரை அழைத்துவந்து காட்டினார். சார் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சாக்பீஸை வெளியே எடுத்தார். திரும்பவும் பைக்குள் போட்டார்.

"நல்லாத்தானே அடிச்சிருக்கான்? பாஸ்."

பெயிண்டர்கள் கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் என்னை ஓரமாக இழுத்து, "சாருக்கு என்னமோ ஆயிடுச்சு. தாமதிக்காதீங்க, உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. இடது கண்ணிலும் ஆரம்பம்தான், ஆனால் அதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்றார்கள். எதிர் வீட்டில் இருக்கிறேன் என்ற ஒரே குற்றத்துக்காக ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. கண்டோன்மெண்ட் பக்கம் இருந்த அந்தக் கண் ஆஸ்பத்திரியில் ஒரு விதி. வயதானவர்கள் தனியாக வரக்கூடாது. படிவத்தில் உடன் வந்தவர் பெயரும் உறவும் எழுத வேண்டும். அவர் 'எதிர் வீடு' என்று எழுதிக் கொடுத்தார்.

"உறவு எழுதணும் சார்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

அவர் என்னைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தார். "தம்பின்னு போட்டுக்கம்மா."

"சார், ஒங்களுக்கும் எனக்கும் ஒன்றரை வயசுதான் வித்தியாசம்" என்றேன்.

"அப்ப தம்பிதானே? அளவு சரியாத்தானே இருக்கு?"

என்னை யாரும் கேட்காமலேயே தம்பியாக்கிவிட்டதில் எனக்குக் கோபம்தான். வரும் வழியெல்லாம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்தவர், படிக்கட்டில் ஏறும்போது சுவரைப் பார்த்து அலறிவிட்டார். "இதையா நான் பாஸ் பண்ணேன்? சார், நீங்கல்லாம் பாத்துட்டு சும்மாவா இருந்தீங்க?" கறுப்புக் கண்ணாடியோடு, குனியக்கூடாது என்ற டாக்டர் பேச்சையும் மீறி, தரைத்தளத்திலிருந்து மூன்றாவது மாடிவரை குறி போட்டுக்கொண்டே போனார். அன்றைக்குச் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.

பார்வை வந்ததே தவிர, பளிச்சென்று வரவில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் இன்னோர் எழுத்து நிழல் மாதிரி நின்றது. "ராஜகோபுரத்துக்குத் தோளோட தோளா இன்னொரு ராஜகோபுரம் நிக்குது சார்" என்று புலம்பினார். ஒரு மாதம் போகட்டும், புண் ஆறிக் கண் நிலைப்படட்டும் என்றார்கள். ஒரு மாதம் போனது. டாக்டர் சோதித்துப் பார்த்தார்.

"லென்ஸ் கரெக்டா உக்காந்திருக்கு சார். கொஞ்சம் பவர் மிச்சம் இருக்கு, அவ்வளவுதான்."

"மிச்சமா? அது என்ன டாக்டர் சாம்பாரா, மிச்சம் வைக்கறதுக்கு?"

டாக்டர் பொறுமைசாலி. "ஒங்க கருவிழி பந்து மாதிரி உருண்டையா இல்ல. ஒரு பக்கம் லேசா அமுங்கி, முட்டை மாதிரி இருக்கு. அதனாலதான் ரெட்டையாத் தெரியுது. நிறையப் பேருக்கு இருக்கும்."

ரிஜெக்ட் சாரின் முகம் வெளுத்துவிட்டது. முப்பத்திரண்டு வருடம் உருட்டு குறைந்த தண்டுகளை ஈவு இரக்கமில்லாமல் ஓரம் கட்டியவர். சொந்தக் கண்ணே உருட்டு குறைந்தது என்றால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வார்?

"அப்ப என் கண்ணே ரிஜெக்டா டாக்டர்?"

"அதெல்லாம் இல்ல. இதுக்கு லேசர் இருக்கு, உள்ளுக்குள்ள இன்னொரு லென்ஸ் வைக்கறது இருக்கு, காண்டாக்ட் லென்ஸ் இருக்கு. ஆனா ஒங்களுக்கு அதெல்லாம் அவசியமில்ல. சாதாரணக் கண்ணாடி போட்டா நிழல் போயிடும். நம்பர் மட்டும் பாத்து எழுதிக்கிட்டுப் போங்க."

நம்பர் பார்க்கும் அறையில் நஸ்ரின் என்று ஒரு பெண். பாலக்கரைக்காரி. இருபத்தைந்து வயது இருக்கலாம். குரலை உயர்த்தத் தெரியாதவள். ஒரு கனமான இரும்புக் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டினாள். அந்த வளையத்தைச் சுற்றிலும் டிகிரிக் கோடுகள். ரிஜெக்ட் சார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதாம்மா வேலை. இதையே போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடட்டுமா?" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டை அன்றைக்குத்தான் கேட்டேன்.

நஸ்ரின் சிரித்துக்கொண்டே ஒரு லென்ஸைச் சொருகினாள். "இப்ப எப்படி இருக்கு சார்?"

"தேவலை."

லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்று. "இப்ப?"

"முன்னது நல்லாருந்துது."

சொருகியதைக் கொஞ்சம் திருப்பினாள். "இப்ப?"

"இன்னும் ஒரு நூல் திருப்பும்மா. போதும் போதும். கொஞ்சம் பின்னால."

நிமிஷத்துக்கு நூறு குறை சொல்லும் மனிதர், கையிரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பதில் வந்த பிறகுதான் அடுத்த லென்ஸை எடுத்தாள். ஒன்றே கால் பவர், எண்பத்தேழு டிகிரி என்று எழுதிக் கொடுத்தாள். மிஷின் தொண்ணூறு என்றது, ஆனால் சார் எண்பத்தேழில் நின்றுவிட்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அந்தச் சீட்டைக் கண்ணாடிக் கடையில் கொடுத்தால் மூன்றாம் நாள் நிழல் கோபுரம் இடிந்துபோயிருக்கும். ஆனால் பத்து நாள் கழித்துக் கதவு தட்டப்பட்டது. நான் ஓட்டை வழியாகப் பார்த்து மூச்சை அடக்கினேன். அவர் போகவில்லை.

"உள்ளதான் இருக்கீங்க. கதவுக்குக் கீழ நிழல் தெரியுது. கோபுரம் இன்னும் ரெட்டையாத்தான் இருக்கு, வாங்க."

"கண்ணாடி போட்டாத்தானே சார் சரியாகும்! கண்ணாடி எங்க?"

"நம்பர் உறுதியாகாம எப்படி ஆர்டர் குடுக்கறது? டிராயிங் தப்பா இருந்தா வேலையே தப்பாப் போயிடும் சார்."

ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து மறுபடி போனோம். மறுபடி இரும்புக் கண்ணாடி, மறுபடி "இப்ப?" சீட்டை வாங்கிப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பத்து நாள் கழித்து மறுபடி கதவு. இப்படி இரண்டு மாதத்தில் ஆறு தடவை. தோசைக்காரர் இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தார், ஆனால் நான் இளைத்துப்போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் விற்பவர் என்னைப் பார்த்து, "தம்பி சார் வந்துட்டீங்களா?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

ஆறாவது தடவை, சார் முகம் கழுவப் போயிருந்தபோது நஸ்ரின் என்னைக் கூப்பிட்டாள். அவருடைய ஃபைலைத் திறந்து காட்டினாள்.

"சார், இதப் பாருங்க. ஒன்றே கால், எண்பத்தேழு. ரெண்டாவது தடவையும் ஒன்றே கால், எண்பத்தேழு. ஆறு தடவையும் அதேதான். மத்தவங்களுக்கு ரெண்டு தடவை பாத்தா அஞ்சு டிகிரி முன்ன பின்ன வரும். இவருக்கு ஒரு டிகிரி கூட மாறல. நம்பர்ல ஒரு தப்பும் இல்ல சார்."

"பின்ன எதுக்கும்மா இந்த ஆளு வந்துக்கிட்டே இருக்காரு?"

அவள் ஃபைலை மூடி வைத்தாள். "தெரியல சார். ஆனா டாக்டர் இனிமே டெஸ்ட் வேணாம், அடுத்த வருஷம் வந்தா போதும்னு எழுதிட்டாரு. நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க."

எனக்கு வந்த கோபத்துக்குப் பக்குவம் எங்கிருந்து வரும்? பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் என் முழங்கால் வலி, வீணாய்ப்போன பகல் தூக்கம், இளநீர்க்காரர் கேலி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். "ஆறு தடவையும் அதே பதிலச் சொல்லியிருக்கீங்க! நம்பர் தப்புன்னு நெசமாவே தோணியிருந்தா ஒரு தடவையாவது மாத்திச் சொல்லியிருப்பீங்கல்ல?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

"அளவுல எப்படி சார் பொய் சொல்றது?" என்றார்.

அவ்வளவு மெல்லிய குரல் அவருக்கு உண்டென்று எனக்குத் தெரியாது. பாலத்தின் பாதியில் அவரே பேசினார்.

"கோமளா ரசம் வச்சா, கரண்டியில எடுத்துட்டு வந்து என் கையில ஊத்துவா. உப்பு பத்தலைம்பேன். போய் ஒரு சிட்டிகை போட்டுட்டு வந்து, 'இப்ப?'ம்பா. புளி தூக்கலா இருக்கும்பேன். போய்க் கொஞ்சம் தண்ணி விட்டுட்டு வந்து, 'இப்ப?'ம்பா. முப்பத்தஞ்சு வருஷம். ஒரு நாள் கூட சலிச்சுக்கல. நானும் ஒரு நாள் கூட பாஸ்னு சொல்லல. சொல்லிட்டா மறுநாள் கேக்க மாட்டாளோன்னு ஒரு இது." பையிலிருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அவ போனப்புறம் என்னை யாரும் இப்பன்னு கேட்டதில்ல சார். அந்தப் பொண்ணுதான் கேட்டுது" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற நாட்களெல்லாம் ஞாபகம் வந்தன. இந்த மனிதர் லிஃப்டையும் தோசையையும் குறை சொன்னது, யாராவது திரும்பி ஒரு வார்த்தை பேச மாட்டார்களா என்றுதான். நாங்களோ எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். இனிமேல் டெஸ்ட் கிடையாது என்பதை அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். மறுநாள் தனியாகப் போய்க் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார்.

கண்ணாடி வந்த அன்று சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை உடனே திறந்தேன். புதுக் கண்ணாடியோடு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஒங்க மீசை வலது பக்கம் ரெண்டு மில்லி கம்மி."

"கோபுரம்?"

"ஒண்ணுதான் இருக்கு." அதைச் சொன்னபோது அவருக்குப் பெரிய சந்தோஷம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு நான் ஒரு டம்ளரில் ரசம் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். என் சமையல் எனக்கே தண்டனை. அதை இன்னொருவருக்குக் கொடுக்கத் துணிந்தது அன்றுதான்.

"சார், உப்பு பாருங்க. எப்படி இருக்கு?"

உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். முகம் அஷ்டகோணலாகியது. "யோவ், இது என்ன ரசமா, இல்ல கொள்ளிடத்துத் தண்ணியா? ரிஜெக்ட்!"

வீட்டுக்கு ஓடி உப்புப் போட்டுக்கொண்டு வந்தேன். "இப்ப?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு ரசத்தை மறுபடி ருசித்துவிட்டு, "மெளகு பத்தல" என்றார். அன்றிலிருந்து சாரும் கிடையாது, எதிர் வீடும் கிடையாது. நான் தம்பியாகிவிட்டேன்.

ஒன்றரை வருடம் இது நடந்தது. என் ரசம் ஒரு நாள் கூடத் தேறவில்லை. பெருங்காயம், கொத்தமல்லி, தாளித்த சூடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெருக்கல் குறி வாங்கினேன். என் டம்ளரின் அடியில் சாக்பீஸ் பட்டுப் பட்டு ஒரு வெள்ளைத் தடம் விழுந்துவிட்டது. பதினொரு மணி ஆனால் எனக்கும் கை பரபரக்கும். தனிமை சொர்க்கம் என்று யாரிடமும் சொல்வதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

பிறகு அவர் உடம்பு தளர்ந்தது. இரண்டு தடவை குளியலறையில் விழுந்தார். மகள் வந்து, இனித் தனியாக இருக்க வேண்டாம் என்று புனேக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்துவிட்டாள். கிளம்பும் நாளன்று நான் வழக்கம்போல ரசம் கொண்டுபோனேன். மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் ஊற்றினேன். நிதானமாக ருசித்தார். கண்ணாடி வழியாக என்னை நேராகப் பார்த்தார்.

"பாஸ்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. கார் போன பிறகு வீட்டுக்கு வந்து, டம்ளரில் மிச்சமிருந்ததை வாயில் விட்டுப் பார்த்தேன். இருந்த மனநிலையில் நான் உப்பே போட்டிருக்கவில்லை. அவர் நாக்கு மரத்துவிட்டதா, அல்லது வாழ்க்கையில் முதல் தடவையாக அளவில் பொய் சொன்னாரா? போனில் கேட்டிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். நாலு மாதத்தில் புனேயிலிருந்து மகள்தான் பேசினாள். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள்.

இந்த வருடம் எனக்கும் புரை எடுத்தார்கள். எனக்கும் கொஞ்சம் பவர் மிச்சம். அதே அறை, அதே இரும்புக் கண்ணாடி, அதே நஸ்ரின். கல்யாணமாகி, கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள்.

"இப்ப சார்?"

கடைசி வரி வரைக்கும் எழுத்து கல்வெட்டு மாதிரி தெரிந்தது. "இன்னொரு தடவை போட்டுக் காட்டும்மா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதே லென்ஸை எடுத்து, துடைத்து, திரும்பவும் சொருகிவிட்டு, "இப்ப?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லும்வரை காத்திருந்தாள். பிறகு விழித்திரையைப் பார்ப்பதற்காகச் சொட்டு மருந்து விட்டுவிட்டு ஃபைலை மூடினாள்.

"ரெண்டு மணி நேரம் மங்கலாத்தான் இருக்கும். தனியாப் போகாதீங்க சார். கூட ஒருத்தர் வரணும்ல, யாரும் வரலையா?"

"அண்ணன் இருந்திருந்தா வந்திருப்பாரும்மா" என்றேன்.